அந்த ஒரு ‘ய்’

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு நான்கு நாள் கடற்கரை ரிசார்ட் ஒன்றுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நல்ல வெய்யில் அடிக்க வேண்டும். தெசாரு, பிந்தான், லங்காவி, இதில் எது சரிப்படும்?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: அம்மா, அந்த ‘வெய்யில்’லை நீங்கள் எழுதியபடியே அச்சிட்டிருக்கிறேன். இதைப் பார்த்ததும் நம் பழைய கட்டுரையாளர் ஒருவர் துள்ளிக் குதிப்பார். பதினைந்து வருடமாக அவருக்கும் எனக்கும் இந்த ஒரு ‘ய்’தான் தகராறு. அவர் ‘வெய்யில்’ என்று எழுதி அனுப்புவார், நான் ‘ய்’யை அடிப்பேன், இதழ் வந்த மறுநாள் காலையில் போன் வரும். “வள்ளுவரே ‘என்பி லதனை வெயில்போலக் காயுமே’ என்றுதானே எழுதினார்?” என்பேன். “அங்கே ‘ய்’ போட்டால் நாலசைச்சீர் ஆகிவிடும், வெண்பா தாங்காது, அதனால் விட்டார். வெய்யோனுக்கு இருக்கும் ‘ய்’ வெய்யிலுக்குக் கிடையாதா?” என்பார். அவர் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. இந்தப் பக்கத்தை அவர் படிப்பதில்லை என்று சொல்லிக்கொள்வதால் தைரியமாக எழுதுகிறேன்.

அந்தக் குறளில் வெயிலில் காய்வது எது தெரியுமோ? எலும்பில்லாத புழு. ரிசார்ட் மணலில் பகல் பதினொரு மணிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு நெளிந்து கிடப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

சரி, உங்களுக்கு எதற்கு வெயில்? நம் சிங்கப்பூர் பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரை டிகிரிகூடத் தள்ளியில்லை. எம்ஆர்டி ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குக் கூரை வேண்டும் என்று 2013இல் ஒரு திட்டம் போட்டு, 200 கிலோமீட்டருக்குக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கூரை இரண்டடி விட்டுப்போன இடத்தில் நாம் குடையை விரிக்கிறோம். புளோக்குக்குக் கீழே பந்து விளையாடும் பிள்ளையை மூன்றாம் மாடியிலிருந்து, “வெயிலில் நிற்காதே, கறுத்துடுவே!” என்று கூப்பிடுகிறோம். பெண்பிள்ளை என்றால் நீச்சல் வகுப்புக்கே யோசனை. கறுத்தால் என்ன குடிமுழுகிவிடும்? பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். வருடம் முழுக்க இப்படி ஒளிந்துவிட்டு டிசம்பரில் காசு கொடுத்து வெயில் தேடுகிறோம்.

அதுவும் டிசம்பரில்! நானும் ஒரு டிசம்பரில் குடும்பத்தோடு மலேசியாவின் கிழக்குக் கரைக்குப் போனவன்தான். மூன்று நாளும் மழை. பிள்ளைகள் கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக் கடலைப் பார்த்தார்கள். மணல் வாளி விலைச்சீட்டுகூடக் கிழிபடாமல் வீடு திரும்பியது. முதல் நாள் நீச்சல் குளத்தில் நனைத்த உடையைப் பால்கனியில் காயப்போட்டோம், கடைசி நாள் ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துவந்தோம். முறுக்கு டின் இரண்டாம் நாள் காலையிலேயே காலி.

ரிசார்ட்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். தென்சீனக் கடலைக் கடந்து ஈரத்தைச் சுமந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்று முதலில் முட்டுவது அந்தக் கரையில்தான். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை பெரும்பாலான ரிசார்ட்டுகளைப் பூட்டியே விடுகிறார்கள். அதே கரையின் தெற்கில் இருக்கும் தெசாருவிலும் இந்தோனேசியாவின் பிந்தான் தீவிலும் பூட்டுவதில்லை, ஆனால் இரண்டும் அதே காற்றின் வழியில்தான் இருக்கின்றன. ஏன், சிங்கப்பூரிலேயே டிசம்பரில் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. லங்காவித் தீவு இருப்பது மலேசியாவின் மேற்குப் பக்கம். நடுவில் இருக்கும் மலைகள் அந்த மழையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன. தாய்லாந்தின் பூக்கெட்டுக்கும் அப்போது நல்ல காலம். ஜூன் விடுமுறை என்றால் கதை தலைகீழ்: பூக்கெட்டில் அலை புரளும், சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். அப்போது கிழக்குக் கரையின் தியோமான் தீவுக்குப் போகலாம்.

ஆக, உங்களுக்கு லங்காவி. மாதத்தின் பிற்பாதியில் போனால் இன்னும் நல்லது, அறை வாடகைதான் எகிறியிருக்கும்.

நம் கட்டுரையாளர் போன டிசம்பரில் அங்கேதான் போனார். தொப்பி, முழுக்கைச் சட்டை, கையில் இளநீர் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கீழே, ‘நல்ல வெய்யில்’. நான் ‘வெயில்’ என்று மட்டும் பதில் போட்டேன். இரண்டு நீலக் குறியும் விழுந்தன. இன்றுவரை பதில் இல்லை.