மாப்பிள்ளை சொன்னதில் பாதி

கேள்வி: மகள் மியூனிக்கில் இருக்கிறாள். அங்கே போகும்போது ஒரு நாள் சால்ஸ்பர்க் போய், 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. மாப்பிள்ளையோ, "அந்த ஊர்க்காரங்களே அந்தப் படத்தைப் பார்த்ததில்லை அத்தை, எல்லாம் வியாபாரம். மொசார்ட் வீட்டை மட்டும் பாருங்க, அதுதான் உண்மை" என்கிறார். நீங்கள் யார் கட்சி?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: மாப்பிள்ளை சொன்னதில் முதல் பாதி சரி. 1965-ல் வெளிவந்த அந்தப் படம் ஐந்து ஆஸ்கர் வாங்கி உலகமெல்லாம் ஓடியபோது, சால்ஸ்பர்க் இருக்கும் ஆஸ்திரியாவில் அதைச் சீந்துவார் இல்லை. நாஜிகளிடமிருந்து தப்பிய ட்ராப் குடும்பத்தின் அதே கதை அவர்களுக்கு 1956-லேயே ஜெர்மன் படமாக வந்து சக்கைப்போடு போட்டிருந்தது. சால்ஸ்பர்க் நகர நாடக அரங்கில் படத்துக்கு மூலமான இசை நாடகம் முதன்முதலாக மேடையேறியதே 2011-ல்தான். ஆகவே படத்தில் வரும் 'எடல்வைஸ்' பாட்டை அந்த ஊர் நாட்டுப்பாடல் என்று நம்பி அங்கே யாரிடமும் பாடிக் காட்டிவிடாதீர்கள். அது அமெரிக்க மேடைக்காக 1959-ல் ரோட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் எழுதியது.

ஆனால் அங்கே பிறந்த இசைமேதை மொசார்ட் மட்டும் அந்த ஊரின் 'உண்மை' என்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது. மொசார்ட்டுக்குச் சால்ஸ்பர்க் பிடிக்காது. சால்ஸ்பர்க்கை ஆண்ட பேராயர் கொலரெடோவுக்கு மொசார்ட்டைப் பிடிக்காது. ஊரில் அவருக்கு அரசவை ஆர்கன் வாசிக்கும் வேலை, ஆண்டுக்கு 450 கில்டன் (அந்தக் காலத்து நாணயம்) சம்பளம். 1781-ல் பேராயரின் பரிவாரத்தோடு வியன்னாவுக்குப் போனபோது, சாப்பாட்டு மேசையில் தன்னைப் பணியாளர்களுக்குக் கீழே, சமையல்காரர்களுக்கு மேலே உட்காரவைத்ததை அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதிப் பொருமியிருக்கிறார். கடைசியில் ராஜினாமா கேட்கப் போனவரைப் பேராயரின் அதிகாரி ஆர்கோ பிரபு பின்பக்கத்தில் உதைத்தே வெளியே தள்ளினார். செத்து ஐம்பது ஆண்டு கழித்து, 1842-ல், ஊர் நடுவே சிலை வைத்தார்கள். இந்த வழக்கம் நமக்கும் தெரியாததில்லை. இன்று சாக்லேட் உறையிலிருந்து சாவிக்கொத்து வரை அவர் முகம்தான். வியாபாரம் என்று பார்த்தால் மொசார்ட்தான் பெரிய கடை, படம் பக்கத்துப் பெட்டிக்கடை.

சரி, உங்கள் நாளுக்கு வருவோம். மியூனிக்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம் முழுக்கச் செல்லும் ஒருநாள் டிக்கெட்டே சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை செல்லும். ஸ்டேஷனிலிருந்து நடந்தே முதலில் மிராபெல் தோட்டம். 'டோ ரே மி' பாட்டின் கடைசியில் குழந்தைகள் ஏறி இறங்கும் படிகள் அங்கேதான். நீங்களும் ஏறி இறங்குங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

பக்கத்திலேயே மகார்ட் சதுக்கத்தில் மொசார்ட் குடும்பம் 1773-ல் குடிபோன வீடு. 1944-ல் குண்டு விழுந்து பெரும்பகுதி இடிந்து, அலுவலகக் கட்டடமாகி, பழைய வடிவில் திரும்பக் கட்டித் திறந்தது 1996-ல். படப்பிடிப்பு நடந்தது 1964-ல். ஆக, 'உண்மையான' மொசார்ட் வீடுகளில் ஒன்று, உங்கள் படத்தைவிட முப்பது வயதுக்கு மேல் இளையது! மாப்பிள்ளையிடம் மறக்காமல் சொல்லுங்கள். 1756-ல் அவர் பிறந்த கெட்ரைடகாஸ 9-ஆம் எண் வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. சின்ன வயதில் அவர் வாசித்த வயலின் அங்கே உண்டு. நெரிசலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் மேலே ஏறுங்கள்.

நேரத்தை மிச்சம் பிடித்து நிற்க வேண்டிய இடம் செயின்ட் பீட்டர் கல்லறைத் தோட்டம். படத்தில் நாஜிகளுக்குப் பயந்து குடும்பம் கல்லறைகளுக்குப் பின்னால் ஒளியும் காட்சி இதைப் பார்த்துத்தான் அமைத்தது. எடுத்தது ஹாலிவுட்டில் போட்ட செட்டில். ஆனால் அங்கே நீங்கள் தேட வேண்டியது மொசார்ட்டின் அக்கா நானெர்லின் பெயரை. நாலரை வயது மூத்தவள். தம்பியோடு 1763 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவின் அரண்மனைகளில் வாசித்தவள். வளர்ந்ததும் தம்பியை அப்பா இத்தாலிக்கு அழைத்துப் போனார், இவளை வீட்டில் நிறுத்திவிட்டார். பெண்டாட்டி இழந்த ஓர் அதிகாரிக்கு வாழ்க்கைப்பட்டு, கணவர் போனபின் ஊர் திரும்பி, பியானோ வகுப்பு எடுத்துப் பிழைத்தாள். 1829-ல் இறக்கும்போது பார்வையும் போயிருந்தது. தம்பிக்கு ஊரெல்லாம் பலகை. அக்காவுக்கு இங்கே, பலரையும் சேர்த்துப் புதைத்த ஒரு பொது நிலவறையில் இடம். மாப்பிள்ளையின் பட்டியலிலும் இல்லை, உங்கள் பட்டியலிலும் இல்லை.

அடுத்து ரெசிடென்ஸ் சதுக்கம். படத்தின் நாயகி மரியா பாடிக்கொண்டே கடந்துபோகும் நீரூற்று இங்கே. நிஜ மரியாவும் அந்தப் பாட்டில் ஓரிரு நொடி பின்னால் நடந்து போகிறார். இதே சதுக்கத்தில் 1938 ஏப்ரல் 30 அன்று நாஜிகள் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். எரிந்தவற்றில் எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்கின் நூல்களும் உண்டு. 1934 வரை இதே ஊரில் குடியிருந்தவர் அவர். புத்தக எரிப்புக்கான நினைவுச்சின்னத்தைச் சதுக்கத்தில் வைக்க 2018 ஆனது. நாஜிகளைப் பற்றிய படத்தை அந்த ஊர் ஏன் அவ்வளவு காலம் 'தெரியாது' என்றது என்பதற்கு, ஜெர்மன் படம் முந்திக்கொண்டது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

படம் பொய் சொல்லவில்லையா? தாராளமாகச் சொல்லியிருக்கிறது. குடும்பம் மலை ஏறித் தப்பவில்லை. ரயில் ஏறி இத்தாலிக்குப் போனார்கள். படத்தில் வருவதுபோல் அந்த மலையைத் தாண்டினால் சுவிட்சர்லாந்து வராது, ஜெர்மனி வரும். ஹிட்லரின் மலை வீடே அந்தப் பக்கம்தான். மரியாவின் நிஜக் கல்யாணம் 1927-ல் நொன்பெர்க் மடத்தில் நடந்தது. படக் கல்யாணம் மோண்ட்ஸே தேவாலயத்தில். அதற்குப் பஸ் பிடித்து அரை நாளைத் தொலைக்காதீர்கள். மடத்துக்கே படியேறிப் போங்கள். 1300 ஆண்டுகளாகப் பெண் துறவிகள் இருக்கும் இடம். அவர்கள் பாடும் பிரார்த்தனை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த நாளில் டிக்கெட் இல்லாமல் கேட்கும் சங்கீதம் அதுவாகத்தான் இருக்கும். போனை அணைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, மொசார்ட் உருண்டை என்கிற சாக்லேட் வாங்காமல் வரமாட்டீர்கள். 1890-ல் அதை முதலில் செய்த பால் ஃபூர்ஸ்டின் கடை இன்னும் இருக்கிறது. கையால் செய்தது, வெள்ளித்தாளில் நீல அச்சு. மற்ற கடைகளில் குவிந்திருக்கும் தங்கத்தாள் உருண்டைகள் தொழிற்சாலைச் சரக்கு. நீங்களும் மகளும் வெள்ளித்தாளைச் சாப்பிடுங்கள். எது உண்மை என்று அவ்வளவு கறாராக இருக்கும் மாப்பிள்ளைக்கு ஒரு தங்கத்தாளைக் கொடுத்து, கண்டுபிடிக்கிறாரா பாருங்கள்.