ஈ.சி.ஜி. சரி என்கிறார்கள். விறைப்பும் தசைத் துடிப்பும் நெஞ்சு நோவும் ஏன் இன்னும் போகவில்லை?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பதன் சுருக்கம் இது: வயது 27. முல்லைத்தீவுப் பக்கம் வயல் வேலை, லான்ட்மாஸ்டர் (கைபிடியைப் பிடித்து ஓட்டுகிற இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஓட்டம். மூன்று மாதமாகக் கை விறைக்கிறது, உடம்பில் அங்கங்கே தசை துடிக்கிறது, இடைக்கிடை நெஞ்சு நோகிறது. இரண்டு தரம் ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, பிழை இல்லை. இணையத்தில் தேடினால் மாரடைப்பு என்றும் நரம்பு உருகும் நோய் என்றும் வருகிறது, நித்திரை இல்லை.

தம்பி, நான் டொக்டர் இல்லை. கிளிநொச்சியில் வீட்டோடு தையல் மெசின் வைத்து உழைக்கிறவள். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் எனக்கு ஒரே மாதத்தில் வந்தன. பிறகு அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்தது. அது வேறு மாதிரி. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

2019 டிசம்பர். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்க முன்னர் வெள்ளைச் சட்டைகளைத் தைத்துக் கொடுக்க வேண்டும். இரவு 1 மணி வரை மெசின், கண் சொருகாமல் இருக்க வெறுந்தேத்தண்ணி, படுத்தால் நாலு மணித்தியால நித்திரை. முதலில் இடக்கண்ணின் கீழ் இமை துடித்தது. பொம்பிளைக்கு இடக்கண் துடித்தால் நல்லது நடக்கும் என்று அம்மா சந்தோசப்பட்டார். அடுத்த கிழமை, இரவில் இடது கை விறைத்து எழும்பத் தொடங்கினேன். ஒரு நாள் விடியப்புறம் 2 மணி இருக்கும், விழித்துப் பார்த்தால் கை வேறு யாருடையதோ போலக் கிடந்தது. தலைமாட்டில் இருந்த போனை எடுத்து ‘இடது கை விறைப்பு’ என்று தேடினேன். முதல் வரியிலேயே மாரடைப்பு. வாசிக்க வாசிக்க நெஞ்சு இறுகியது. மூச்சு போதவில்லை. வாயைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது, இரண்டு கை விரல்களும் கோழிக்கால் மாதிரி மடங்கி நின்றன. கணவர் பயந்துபோய் 1990 அம்புலன்சுக்கு அடித்தார்.

வைத்தியசாலையில் ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தன. இரவுக் கடமையில் இருந்த இளம் டொக்டர்பிள்ளை கட்டிலில் வந்து இருந்து, “எந்த விரல் அக்கா விறைக்குது?” என்று கேட்டார். கை முழுக்க என்றேன்.

“முழுக்க எண்டு சொல்லாதீங்கோ. சின்ன விரலும் விறைக்குதா? யோசிச்சுச் சொல்லுங்கோ.”

யோசித்தால், சின்ன விரல் விறைக்கவில்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. அவ்வளவுதான்.

“நித்திரையால எழும்பி கையை உதறினா சுகமா இருக்குமா?”

ஓம். ஒவ்வொரு இரவும் அதைத்தான் செய்திருக்கிறேன், ஒருவருக்கும் சொன்னதில்லை. அவர் என் மணிக்கட்டின் உள்பக்கத்தில் தன் விரல் நுனியால் இரண்டு தரம் தட்டினார். நடுவிரல் நுனி வரைக்கும் கரண்ட் ஓடியது.

மணிக்கட்டில் ஒரு ஒடுங்கிய வழி இருக்கிறது. அதற்குள்ளால் போகிற நரம்பு நெரிபட்டால் இப்படித்தான் இந்த மூன்றரை விரலும் விறைக்கும். கார்ப்பல் டனல் என்று பெயர். மடித்த கையோடு படுப்பதால் இரவில் கூடும். இதே விறைப்பு சின்ன விரலிலும் மோதிர விரலின் மற்றப் பாதியிலும் இருந்தால் பெரும்பாலும் முழங்கையில் நரம்பு அழுத்தப்படுகிறது. தைரொயிட் குறைந்தாலும் சீனி கூடினாலும் பிள்ளை வயிற்றில் இருந்தாலும் கார்ப்பல் டனல் வரலாம் என்பதால் அவற்றையும் பார்த்தார்கள். எனக்கு மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டி ஒன்றை இரவில் கட்டச் சொன்னார்கள். ஆறு கிழமையில் நித்திரை திரும்பியது.

விரல் மடங்கியதும் வாய் விறைத்ததும் வேறு. பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட் அளவு மீறிக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் உதட்டைச் சுற்றியும் இரண்டு கைகளிலும் கூச்சம், விரல் இறுக்கம், தலைச்சுற்று, நெஞ்சு அடைப்பு. நடிப்பும் இல்லை, கற்பனையும் இல்லை. இரத்தத்தில் உண்மையாக நடக்கிற மாற்றம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் இறங்கும்.

அந்த டொக்டர்பிள்ளை போகும்போது, ஒரு கொப்பி வைத்து எழுதச் சொன்னார்: எந்த இடம், எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தேன், எதனால் கூடியது, எதனால் குறைந்தது, கூடவே வேறு என்ன வந்தது. சட்டை அளவு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்திலேயே எழுதினேன். உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். ‘விறைப்பு’ என்ற சொல்லை இணையத்தில் போட்டால் உலகத்தில் உள்ள எல்லா வருத்தமும் வரும். எந்த விரல், எந்த நேரம் என்று பார்த்தால் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். 2021 மாசி, காலபோக அறுவடை நேரம். அப்பாவுக்கு 63 வயது, சீனி வருத்தம் பத்து வருடத்துக்கு மேல். நெஞ்சைத் தடவிக்கொண்டு “வாய்வு, வாய்வு” என்று இரண்டு கிழமை திரிந்தார். ஓமம் அவித்துக் குடித்தார், இஞ்சி குடித்தார். ஒரு இடத்தில் ஈ.சி.ஜி.யும் எடுத்து, சரியாக இருக்கிறது என்று வாய்வுக் குளிசை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் கொப்பிப் பழக்கத்தில் கேட்டேன்: எப்ப அப்பா வருது?

“குளக்கட்டு ஏறேக்க வரும். மேல போய் மருத மரத்தடியில நிண்டா போயிடும்.”

சாப்பிட்டபிறகா? இல்லை. படுத்தாலா? இல்லை. ஏறும்போது வரும், நின்றால் போகும். நோ என்றுகூட அவர் சொல்லவில்லை. நெல்மூட்டையை நெஞ்சில் வைத்த மாதிரி ஒரு பாரம் என்றார், தாடை வரைக்கும் ஏறும் என்றார். வாய்வுக்குக் குளக்கட்டு தெரியாது. வேலை கூடும்போது இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் வருகிற நோதான் இந்தக் கணக்கில் வந்து போகும். ஆறுதலாகப் படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. அந்த நேரத்து நிலையைத்தான் காட்டும், அதனால் சரியாகவே இருந்திருக்கிறது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் அவர் சொன்ன சொல்லையே சொன்னேன். 60 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள், இதயக் குழாய்களைப் படம் பிடிக்கிற அஞ்சியோகிராம் செய்தார்கள், அடைபட்ட குழாயில் அதைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போதும் வயலுக்குப் போகிறார், குளிசையை விடுவதில்லை.

இதை வாசித்து உங்களுக்குப் பயம் கூடக்கூடாது, தம்பி. அதனால் நேராகவே கேட்கிறேன்: உங்கள் நெஞ்சு நோ வேலை செய்யும்போது வந்து, நின்றால் போகிறதா? அல்லது எஞ்சின் கைபிடியை இழுத்துத் திருப்பிய அடுத்த நாள், ஒரு விரலால் நெஞ்செலும்பின் ஓரத்தை அழுத்தினால் “இதுதான், இதுதான்” என்று காட்டக்கூடிய மாதிரி வருகிறதா? விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, திரும்பினால் குத்துகிற நோ பெரும்பாலும் தசையிலோ விலா மூட்டிலோ இருப்பது. சாப்பிட்டுப் படுத்தால் எரிந்து, புளித்து மேலே வந்தால் வயிற்று அமிலம். மூச்சு இழுக்கும்போது குத்தி, காய்ச்சலும் இருமலும் இருந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். வேலை செய்யும்போது வந்து நின்றால் போகிற மாதிரியானால், வயது 27 என்று விடாமல் திரும்பப் போய் அதே சொல்லில் சொல்லுங்கள். சீனிக்காரருக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பே நோ இல்லாமல், வெறும் வியர்வையும் களைப்பும் சத்தி வருகிற மாதிரியும் வரலாம் என்பதையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

துடிப்புக்கு அதிகம் எழுத இல்லை. இமையிலும் கெண்டைக்காலிலும் தோளிலும் இடம் மாறி மாறித் துடிப்பது நித்திரைக் குறைவு, தேத்தண்ணி, உடம்பு அலுப்பு, யோசனை ஆகியவற்றால் மிகச் சாதாரணமாக வருவது. நீங்கள் பயப்படுகிற நரம்பு நோயில் துடிப்பை விடப் பலம் குறைவதுதான் பெரிய விசயம்: சட்டைப் பொத்தான் போட முடியாது, செருப்பு காலில் நிற்காது, ஒரு கை மெலியும். மூட்டை தூக்குகிறேன், குதிக்காலில் நடக்கிறேன், ஆனால் துடிக்கிறது என்றால் அந்தப் பயத்தைப் பெரும்பாலும் இறக்கி வைக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இமை துடிப்பது வேறு, தொங்குவது வேறு. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் விடியற்காலை வயிற்று நோவோடு எழும்பி, இமை தூக்க ஏலாமல், கதை குழறினால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் எண்ணெய் விரியன் பாம்பை நினைத்து உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். அதன் கடி நோகாமலே இருக்கும்.

விறைப்பில் வன்னிக்கென்று இன்னொரு விசயம் உண்டு: செல் துண்டு, போரில் வெடித்த எறிகணையின் சிதறல். எங்கள் பக்கத்து வளவு அண்ணருக்கு 2009இல் வலது தொடையில் பட்டது, துண்டு இன்னும் உள்ளே. அன்றிலிருந்து வலது பாதம் விறைப்பு. சில வருடம் கழித்து இடது பாதமும் விறைக்கத் தொடங்கியது, அதையும் அவர் செல்லின் கணக்கிலேயே போட்டுவிட்டார். ஒரு நாள் பின்னேரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து இடது செருப்பைக் கழற்றப் பார்த்தார், செருப்பு கழரவில்லை. ஆணி ஒன்று செருப்பின் அடியால் ஏறி அவருடைய குதிக்காலுக்குள் நின்றது. காலையில் இருந்து அதோடுதான் நடந்திருக்கிறார், தெரியவில்லை. நான்தான் குறட்டால் இழுத்தேன், அப்போதும் அவர் முகம் மாறவில்லை. சீனி பார்த்தபோது அளவு எங்கேயோ நின்றது. இரண்டு காலும் சமனாக, மேசு போட்ட மாதிரி கீழிருந்து மேலே ஏறுகிற விறைப்பு என்றால் முதலில் சீனி பார்க்க வேண்டும், பிறகு பி12 விற்றமின். சீனிக்கு மெட்போமின் குளிசையை நெடுங்காலம் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம் என்பதால் அதையும் டொக்டரிடம் கேளுங்கள். உடம்பில் துண்டு இருக்கிறவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பப்பட்டால், பதிகிற இடத்திலேயே, படுக்க முன்னரும் சொல்ல வேண்டும். அது பெரிய காந்தம், உள்ளே இருக்கும் இரும்பு அசையவோ சுடவோ கூடும். வெட்கப்படாமல், யார் சுட்டது எங்கே பட்டது என்ற கதைக்குப் போகாமல், “உடம்பில் உலோகம் இருக்கு” என்ற ஒரு வசனம் போதும்.

தோலில் வெளிறிய படை, அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோயைச் சோதிக்க வேண்டும். மருந்து இலவசம், முழுதாகச் சுகமாகும். மறைப்பதால்தான் விரல் கெடுகிறது.

காத்திருக்கக் கூடாதவை: ஒரு பக்கக் கைகால் திடீரென்று விறைப்பது அல்லது விழுவது, வாய் கோணுவது, கதை குழறுவது. இது பாரிசவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடத் தகுந்தவர்களுக்கு அதற்கு நாலரை மணித்தியாலம்தான் நேரம், அதனால் தொடங்கிய நேரத்தைப் பார்த்து வையுங்கள், வாயில் கசாயம் ஊற்றாதீர்கள். நாரி நோவோடு, குந்தி இருக்கிற பின்பக்கம் மரத்து, சலம் போக மாட்டாமல் வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். பாரமான நெஞ்சு நோ வியர்வையோடு, ஆறுதலாக இருந்தும் விடாமல் நின்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். மோட்டார் சைக்கிளில் தானே ஓடிப் போகிற வேலை வேண்டாம்.

கடைசியாக, ‘இது யோசனையால் வருவது’ என்று யாரும் சொல்லியிருந்தால் அதை இழிவாக எடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வேலை செய்த மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் பட்ட சனத்தின் துயரம் நோவாகவும் களைப்பாகவும் உடம்பில் வெளிப்படுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் கோயில் திருவிழா வெடிச் சத்தத்துக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுகிற பெரியவர்களை எனக்குத் தெரியும். 2009இல் நீங்கள் சின்னப் பிள்ளையாக எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கதைக்க வேண்டும் போல இருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தில் தமிழிலும் கதைக்கலாம். மற்றப் பரிசோதனைகளை அதற்காக விட வேண்டியதும் இல்லை, இரண்டும் பக்கம் பக்கமாகப் போகட்டும்.

உங்கள் கை விறைப்பைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. லான்ட்மாஸ்டரின் கைபிடி நாள் முழுக்க அதிர்கிறது, அதை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். அப்படியான அதிர்வு விரல் நரம்பைப் பாதிக்கும், மணிக்கட்டிலும் நெரிக்கும். ஒரு கிழமை கொப்பியில் எழுதிப் பாருங்கள்: எஞ்சின் பிடித்த நாள், பிடிக்காத நாள். பிறகு எந்த விரல்கள் என்று கீழே எழுதுங்கள். சின்ன விரலும் விறைக்கிறதா?