பால்காரரைத் துரத்தும், ஆட்டைக் கண்டால் ஓடும் நாயை அடிக்காமல் பழக்க முடியுமா?

உங்கள் கேள்வியின் சுருக்கம்: தாராபுரம் பக்கம் தோட்டத்து வீடு. ஒன்றரை வயது நாட்டு நாய், ஆண். வருகிறவர்கள் மேல் தாவுகிறது, பால்காரரின் வண்டியைத் துரத்துகிறது, ஆட்டைப் பார்த்துவிட்டால் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. நான்கு அடி போட்டால் அடங்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அடிக்காமல் பழக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. இந்த மூன்று பழக்கங்களும் எங்கள் கருப்பனிடம் இருந்தன. அவனும் நாட்டு நாய்தான். அவனை நான் அடித்தும் பார்த்திருக்கிறேன், அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அடித்தபோது அவன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: நான் கையைத் தூக்கினால் எட்டிப் போய்விட வேண்டும். தாவுவது நின்றுவிடவில்லை, நான் இல்லாத நேரத்துக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். அடியில் இன்னொரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. உறுமினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய் உறுமுவதை விட்டுவிடும். பயமும் கோபமும் உள்ளேயே இருக்கும், முன்னறிவிப்பு மட்டும் போய்விடும். அப்படிப்பட்ட நாய்தான் ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கிறது. உங்கள் நாய் உறுமினால் திட்டாதீர்கள். எதைக் கண்டு உறுமுகிறதோ அதிலிருந்து தள்ளிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எந்தச் செயலுக்குக் கூலி கிடைக்கிறதோ அதைத்தான் நாய் திரும்பச் செய்யும். கூலி கறித்துண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாம் பார்ப்பது, தொடுவது, "சீ, போ" என்று கத்துவது எல்லாமே அதற்குக் கூலிதான். வாசலுக்கு வருகிறவர் மேல் அது தாவுகிறது, அவர் இரண்டு கைகளாலும் பிடித்துத் தள்ளுகிறார், நாம் ஓடிவந்து பெயர் சொல்லிக் கத்துகிறோம். நாள் முழுதும் தனியாகக் கட்டிக்கிடந்த நாய்க்கு இது திருவிழா.

அதனால் தாவும்போது எதுவும் கொடுக்காதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிவிடுங்கள், பேசவும் வேண்டாம். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் "சபாஷ்" என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். இரண்டு நொடி தாமதித்தால் நாய் அதற்குள் வேறு ஏதாவது செய்திருக்கும், கூலி அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். இதற்காகத்தான் "சபாஷ்" போல ஒரே ஒரு சொல்லை வீட்டில் எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும். சொல் சரியான நொடியில் விழுந்துவிட்டால், துண்டு சற்றுப் பின்னால் வந்தாலும் கெடுதல் இல்லை. இது பிடிபட்டதும் "உட்கார்" சொல்லிக்கொடுங்கள். மூக்குக்கு நேராகத் துண்டைக் காட்டி மெல்லத் தலைக்கு மேலே கொண்டுபோனால் பின்பக்கம் தானாகத் தாழும். உட்கார்ந்திருக்கும் நாயால் தாவ முடியாது. "தாவாதே" என்ற சொல் நாய்க்குப் புரியாது. என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டினால்தான் புரியும்.

துண்டு என்றால் வேர்க்கடலைப் பருப்பின் பாதி அளவு போதும். வேகவைத்த ஈரல், கோழிக்கறி, அவித்த முட்டை எல்லாம் நல்லவை. உப்பும் மசாலாவும் வேண்டாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம், எந்த அளவிலும் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் தாவுவது முன்னைவிட அதிகமாகும். முன்பு கிடைத்தது ஏன் கிடைக்கவில்லை என்று நாய் இன்னும் பலமாக முயன்று பார்க்கும் கட்டம் அது. பலரும் இந்த இடத்தில்தான் "இது தேறாது" என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் குறையத் தொடங்கும். வீட்டில் ஒருவர் மட்டும் விதியை மீறினாலும் வேலை கெடும். எங்கள் வீட்டில் அப்பத்தா, மேலே தாவும் கருப்பனுக்குத் தினமும் தோசை கிள்ளிப் போட்டார். "வாயில்லா ஜீவன் சாமி, ஒரு வாய் தின்றுவிட்டுப் போகட்டும்" என்பார். பத்து முறை தாவி ஒருமுறை தோசை கிடைத்தால், அந்தப் பழக்கம் ஒவ்வொரு முறையும் கிடைப்பதைவிட ஆழமாக வேர் பிடிக்கும். அப்பத்தாவிடம் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "உட்கார் என்று சொல்லுங்கள் அப்பத்தா, அவன் உட்கார்ந்த பிறகு போடுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவருக்கும் மனம் நிறைந்தது, வேலையும் நடந்தது.

அடுத்தது பால்காரர். இதை நாயின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் கேன் சத்தத்தோடு ஒரு டிவிஎஸ் 50 வருகிறது. நாய் குரைக்கிறது. சற்று நேரத்தில் வண்டி போய்விடுகிறது. பால் கறந்து முடிந்ததால் அவர் போனார் என்பது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. தான் துரத்தியதால் போனதாக அது நம்புகிறது. வருடத்துக்கு 365 நாளும் அதன் நம்பிக்கை ஜெயிக்கிறது. தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எல்லோரிடமும் நாய்கள் இப்படி நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இதை மாற்றுவதற்கு ரஷ்யாவின் பாவ்லோவ் கண்டறிந்த வழியே உதவும். செரிமான ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். உணவு வருவதற்கு முன்னால் திரும்பத் திரும்ப ஒரே சத்தம் கேட்டால், பிறகு சத்தம் மட்டும் கேட்டாலே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று காட்டினார். வண்டிச் சத்தம் தூரத்தில், மண் தடத்தில் திரும்பும்போதே கேட்கும் அல்லவா? அப்போதே நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கட்டுத்தறியிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். சத்தம் கேட்டதும் துண்டு, சத்தம் இருக்கும்வரை துண்டு, வண்டி போனதும் துண்டு நிற்க வேண்டும். நாய் குரைக்கிறது, துண்டைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள். இன்னும் பத்தடி பின்னால் போங்கள். வாரத்துக்குக் கொஞ்சமாக நெருங்கலாம். எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. எங்கள் பால்காரர் பொறுமைசாலி. ஒருநாள் அவராகவே, "நானும் இரண்டு துண்டு தூரத்திலிருந்து போட்டுப் பார்க்கட்டுமா, அம்மணி?" என்று கேட்டார். அது பெரிய உதவியாக இருந்தது. பழகி முடியும்வரை அவர் வரும் நேரத்தில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். அவருடைய காலுக்குப் பொறுப்பு நாம்தான். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் போட்டிருக்க வேண்டும். யாருக்காவது பல் பட்டுவிட்டால், போட்ட ஊசியை நம்பிச் சும்மா இருக்காமல் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி ஆடு. நம் ஊரில் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. கடந்த சில ஆண்டுகளாகக் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கங்களில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுச் சாலையில் உட்கார்ந்ததும் உங்களுக்குத் தெரியும். ஓர் ஆடு போனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன போகிறது என்பதும் தெரியும். கருப்பனுக்கு இரண்டு வயது இருக்கும்போது, பக்கத்துக் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) மேய்ந்த செம்மறிக் கூட்டத்தைத் துரத்தினான். கடிக்கவில்லை, துரத்தினான், அவ்வளவுதான். மிரண்ட குட்டி ஒன்று கிளுவை வேலியில் மாட்டி முன்னங்காலை ஒடித்துக்கொண்டது. பக்கத்துக் காட்டு மாமா சத்தம் போடவே இல்லை. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "விளையாட்டுக்குத்தான் ஓடினான், ஆனால் ஆட்டுக்கு அது தெரியாதே, அம்மணி" என்றார். குட்டிக்கான பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த வார்த்தை மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

துரத்துவதில் உள்ள சிக்கல், துரத்துவதே கூலி என்பதுதான். வெளியிலிருந்து யாரும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, ஓடுகிற ஆடே போதும். அதனால் ஒருமுறைகூடத் துரத்த வாய்ப்புக் கொடுக்கக் கூடாது. முப்பதடி நைலான் கயிறு ஒன்று வாங்குங்கள். கழுத்துப் பட்டையில் கட்டினால் ஓடும் வேகத்தில் கழுத்தை வெட்டும், மார்புப் பட்டையில் கட்டுங்கள். முதலில் ஆடே இல்லாத இடத்தில் "வா" பழக்குங்கள். வந்தால் வீட்டிலேயே மிகச் சிறந்த தீனி. கூப்பிட்டு வந்த நாயை ஒருபோதும் திட்டாதீர்கள், உடனே சங்கிலியிலும் கட்டாதீர்கள். பத்து முறை கூப்பிட்டால் எட்டு முறை தீனி கொடுத்துத் திரும்ப ஓடவிடுங்கள். "வா" என்றால் விளையாட்டு முடிந்தது என்று நாய் நினைத்துவிட்டால் பிறகு வராது. இது உறுதியான பிறகு, ஆடுகள் நன்றாகத் தொலைவில் புள்ளியாகத் தெரியும் இடத்தில் நின்று ஆரம்பியுங்கள். நாய் ஆட்டைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணம்தான் நீங்கள் காத்திருந்தது. "சபாஷ்" சொல்லிக் கை நிறையக் கொடுங்கள்.

இதிலும் ஓர் எல்லை இருக்கிறது. எவ்வளவு பழக்கினாலும் ஆடு மேயும் காட்டில் ஆள் இல்லாமல் நாயை விடாதீர்கள். இரவில் அடைத்துவையுங்கள். வீட்டில் சாதுவாக இருக்கும் நாய்கள்கூட, தெருநாய்கள் இரண்டோடு சேர்ந்துவிட்டால் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கருப்பனுக்கு இப்போது ஒன்பது வயது. ஆட்டு மணி கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறான். ஆனாலும் இரவில் கம்பிவலைக்குள்தான்.

பகல் முழுதும் சங்கிலியில் கட்டிவைக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டுகிறீர்கள் என்றால் முதலில் அதைக் குறையுங்கள். எட்டாத தூரத்தில் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் திமிறும் நாய், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கடுமையாகிக்கொண்டே போகும். வெயிலுக்கு முன் அரைமணி நேரம் கயிற்றோடு நடத்துங்கள், அவசரப்படுத்தாமல் மோந்து பார்க்கவிடுங்கள். மோந்து களைத்த நாய் பகலில் தூங்கும்.

எவ்வளவு நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். குட்டியாக இருந்தால், பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை மனிதர்களையும் வண்டிகளையும் ஆடுமாடுகளையும் பயமில்லாமல் காட்டிப் பழக்குவது மிக எளிது. உங்களுக்கு அந்தக் காலம் போய்விட்டது, ஆனால் ஒன்றரை வயது தாமதமே இல்லை. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை போதும். தாவுவது இரண்டு மூன்று வாரத்தில் குறையும், பால்காரருக்கு ஒன்றரை மாதம் வையுங்கள், ஆட்டுக்கு ஆறு மாதம். நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் பழக்குவதை நிறுத்திவிட்டு, காதிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வலி இருக்கும் நாயிடம் "உட்கார்" என்று சொல்லிப் பயனில்லை. நாளைக் காலையில் பால்காரரிடம் பேசிவிட்டு அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள். வாசலில் எங்கே நிற்கலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.