கழுத்துக்கறியும் மார்கண்டமும் ஆறு விசில் விட்டும் இழுக்கிறது. குழம்புக்குத் தொடைக்கறிதான் வாங்கணுமா?

வேண்டாம். குழம்புக்குத் தொடைக்கறி கேட்டு வாங்குவது காசைப் பிடித்த கேடு. தொடையில் சதை அதிகம், ஜவ்வு குறைவு. நேரம் கூடினால் நார் நாராகப் பிரிந்து வாயில் பஞ்சு மாதிரி நிற்கும். அதைக் கொத்துக்கறிக்கும் வறுவலுக்கும் விட்டுவிடுங்கள். குழம்புக்கு ருசி கொடுப்பது கழுத்து, மார்கண்டம் என்கிற மார்பு விலாக்கறி, முன்னங்கால் மூன்றும்தான்.

"ஆறு விசில்" என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. விசில் ஒரு கணக்கே இல்லை. முழுத் தீயில் வைத்தால் ஆறு விசிலும் ஏழெட்டு நிமிஷத்தில் வந்துவிடும். சிறு தீயில் அதே ஆறுக்கு அரை மணி நேரம் ஆகலாம். கேஸ்கெட் (மூடியின் ரப்பர் வளையம்) தளர்ந்திருந்தால் ஓரத்தில் ஆவி போய்க்கொண்டே இருக்கும், விசிலே வராது. சமையல் வீடியோக்களில் "ஒரு ஏழு விசில் விட்டுக்கோங்க" என்கிறார்கள், எந்தக் குக்கர், எவ்வளவு தீ, என்ன ஆடு என்று ஒரு வார்த்தை இருக்காது. உப்புக்குக் கேட்டால் "தேவையான அளவு". தேவையான அளவு தெரிந்தவர் எதற்கு வீடியோ பார்க்கப் போகிறார்?

சரி, கறி ஏன் இழுக்கிறது? ஆடு நாள் பூரா தலையைக் குனிந்து மேயும், நிமிர்ந்து தழை கடிக்கும். ஓயாமல் வேலை செய்கிற இடம் கழுத்து, அதனால் அங்கே சதைக்குள் ஜவ்வு அதிகம். அந்த ஜவ்வு கொலாஜன் என்ற புரதம். சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது அது முதலில் சுருங்கி இறுகும், கறியில் இருக்கிற நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதற்கும் மேலே, 70 டிகிரியைத் தாண்டி நின்று வெந்தால்தான் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். அதாவது பச்சைக்கறியை விட அரைவேக்காட்டுக் கறிதான் கடினம். குக்கரில் இருபதாவது நிமிஷத்தில் ரப்பராக இருந்தது நாற்பதாவது நிமிஷத்தில் எலும்பை விட்டு நழுவும். நடுவில் திறந்து கடித்துப் பார்த்துவிட்டு "முற்றல் ஆட்டைத் தலையில் கட்டிவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள். நிஜமாகவே முற்றலாக இருந்தாலும் தேறும், இன்னும் கொஞ்சம் நேரம் கேட்கும், அவ்வளவுதான்.

விலை பற்றி ஒன்று. நம் ஊர்க் கறிக்கடையில் பெரும்பாலும் கலந்த கறிக்கு ஒரே விலை, எலும்பில்லாததற்குத்தான் கூடுதல். தலை, கால், குடல் தனி விலை. துண்டுக்குத் துண்டு விலை போடுகிற பெரிய கடைகளிலும் வெளிநாடுகளிலும்தான் கழுத்தும் மார்பும் மலிவாகக் கிடைக்கும். உங்கள் கடையில் எப்படியோ, கழுத்தை எப்படி வெட்டச் சொல்கிறீர்கள் என்பது விலையை விட முக்கியம். எலும்புக் கணு வழியாக, இரண்டு விரல் தடிமனில் வட்ட வட்டமாகக் கேளுங்கள். மார்கண்டத்தை இரண்டு விலா எலும்பு சேர்ந்த துண்டாகக் கேளுங்கள். சொல்லாமல் விட்டால் எல்லாவற்றையும் கொத்திப் பொடித்துத் தந்துவிடுவார்கள். பொடித்தால் கறி வெந்து கரைந்துபோகும், குழம்பில் எலும்புச் சில்லு மட்டும் மிஞ்சும், பிள்ளைகளுக்குத் தொண்டையில் குத்தும்.

அடுத்தது யாரும் பேசாத விஷயம்: வாங்கி வந்த கறியை என்ன செய்கிறீர்கள்? காலை ஆறு மணிக்கு அறுத்த ஆடு ஏழு மணிக்கு உங்கள் கையில். அப்போது சதை இன்னும் இறுகவில்லை. சில மணி நேரத்தில் விறைக்கும், பிறகு மெல்லத் தளரத் தொடங்கும். வாங்கியவுடன் அடுப்பில் ஏற்றினால் பாதகமில்லை. மறுநாள் சமைப்பதானாலும் நல்லது. கெடுதல் எங்கே என்றால், விறைக்கும் முன்பே ஃப்ரீசரில் தள்ளுவதில். உயிர்ச்சூடு ஆறாத தசை 10 டிகிரிக்குக் கீழே சட்டென்று குளிர்ந்தால் தாறுமாறாகச் சுருங்கி இறுகிவிடும். 1963இல் நியூசிலாந்தில் லாக்கர், ஹாக்யார்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மாட்டுத் தசையில் இதை அளந்து எழுதினார்கள். அந்த நாட்டிலிருந்து உறைய வைத்துக் கப்பலேற்றிய ஆட்டுக்கறி கடினமாக இருந்ததற்கும் இதுதான் காரணம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வாங்கியதைப் புதன்கிழமைக்கு எடுத்து வைப்பதானால், எலும்போடு பெரிய துண்டாக, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வையுங்கள். திங்கட்கிழமை ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். "ஃபிரிட்ஜில் வைத்த கறியே வேண்டாம்" என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை. அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்க வசதி இருந்தால் அதுதான் சரி.

இனி குழம்பு. கழுத்து அரைக் கிலோ, மார்கண்டம் அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்புத்தூள் போக இரண்டு தண்ணீரில் அலசி, வடிதட்டில் பத்து நிமிஷம் நீர் வடியவிடுங்கள். மார்கண்டத்தின் மேல் தடியாக நிற்கும் வெள்ளைக் கொழுப்பை மட்டும் சீவித் தனியே எடுங்கள். முழுக்க வழிக்க வேண்டாம். செம்மறி என்றால் கொழுப்பு கூடுதலாகவே இருக்கும். கவுச்சி வாடையில் பெரும்பங்கு அந்தக் கொழுப்பிலிருந்துதான் வருகிறது, விதையடிக்காத கிடா என்றால் இன்னும் தூக்கலாக.

அடிகனமான பாத்திரத்தில் சீவிய கொழுப்பைப் போட்டுச் சிறு தீயில் பத்து நிமிஷம் உருக்குங்கள். சக்கை சிவந்ததும் எடுத்துவிட்டு, உருகிய கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் நிறுத்தி மீதியை வடித்துவிடுங்கள். கூட ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் போதும். பட்டை இரண்டு விரல் நீளம், கிராம்பு 4, சோம்பு ஒரு தேக்கரண்டி தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் 250 கிராம் போட்டு ஓரம் பழுப்பாகும்வரை வதக்குங்கள். இஞ்சி 30 கிராம், பூண்டு 40 கிராம் அரைத்தது சேர்த்துப் பச்சை வாசம் போனதும் கறியையும் மூன்று தேக்கரண்டி தூளுப்பையும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளையும் போடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூடி வையுங்கள். கறியே நீர் விடும்.

இந்த இடம்தான் குழம்பின் உயிர். ஐந்தாவது நிமிஷம் பார்த்தால் கறி சாம்பல் நிறத்தில் அழுக்கு நீரில் கிடக்கும், பார்க்கவே பிடிக்காது. மூடியைத் திறந்துவிட்டு நடுத்தர தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். சலசல என்று கொதிக்கிற சத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் மாறிச் சடசட என்று பொரிகிற சத்தம் வரும். நீர் வற்றிவிட்டது, கொழுப்பு பிரிந்து கறியைச் சுற்றி மினுமினுக்கும், அடியில் பழுப்பு நிறத்தில் பற்று பிடிக்கும். கவுச்சி போவதும் இங்கேதான். சலசலப்பிலேயே மசாலாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டால் அவித்த கறி வாசம் கடைசிவரை போகாது, எவ்வளவு கரம் மசாலா போட்டாலும் சரி.

பற்று பிடித்ததும் மல்லித்தூள் 4 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி போட்டு ஒரு நிமிஷம் புரட்டி, நறுக்கிய தக்காளி இரண்டைப் போடுங்கள். அதன் நீரிலேயே அடிப்பற்று கரைந்து வரும். கரையாமல் விட்டால் குக்கரில் அதுவே கருகும். பிறகு சுடுதண்ணீர்: குக்கருக்கு முக்கால் லிட்டர், திறந்த பாத்திரத்துக்கு ஒன்றரை லிட்டர்.

குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயை முழுக்கக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். இளங்குட்டிக்கு 20 நிமிஷம், சாதாரண ஆட்டுக்கு 30, முற்றலுக்கு 40. உள்ளே சூடு ஏறத்தாழ 120 டிகிரி, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம். அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் உள்ளே குழம்பு பொங்கும், கறிக்குள் இருக்கிற நீரும் ஆவியாகப் பறந்து நார் வறண்டுவிடும். கால் மணி நேரம் தானாக அடங்கட்டும்.

திறந்த பாத்திரம் என்றால் மூடி சற்றே விலக, ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற தீயில் இரண்டு மணி நேரம், முற்றலுக்கு மூன்று. தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு குழம்போடு கலந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். ஊட்டி மாதிரி உயரத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர்தான் புத்திசாலித்தனம். மண்சட்டி, விறகடுப்பு என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: வாசம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். கறி வேகிற கணக்கு ஒன்றுதான்.

வெந்ததா என்று சதையைக் கடித்துப் பார்க்காதீர்கள். கழுத்து வட்டத்தின் எலும்பை இரண்டு விரலால் பிடித்துத் திருகுங்கள். சதையை விட்டுச் சுழன்றால் ஆயிற்று. சதை கூடவே வந்தால் இன்னொரு பத்து நிமிஷம்.

தேங்காய் கடைசியில்தான். அரை மூடித் தேங்காய், சோம்பு ஒரு தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, கசகசா ஒரு தேக்கரண்டி நைஸாக அரைத்து, வெந்த குழம்பில் ஊற்றி ஐந்து நிமிஷம் கொதித்தால் போதும். முதலிலேயே குக்கரில் போட்டால் அடியில் படிந்து பிடித்துக்கொள்ளும், அழுத்தமும் ஒழுங்காக ஏறாது. உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், கத்தரிக்காயும் அப்படித்தான். கறி வெந்த பிறகு போட்டுத் திறந்தே வேகவிடுங்கள்.

பப்பாளிக்காய் போடலாமே என்று கேட்பீர்கள். பப்பாளியின் நொதி மேற்பரப்பில்தான் வேலை செய்யும், 80 டிகிரியைத் தாண்டினால் செத்துவிடும். இரண்டு விரல் தடிமன் கழுத்துத் துண்டில் மேலே கூழாகும், உள்ளே அப்படியே இருக்கும். தட்டையான கறிக்கு, வறுவலுக்குச் சரி. சோடா உப்பு வேண்டவே வேண்டாம், சோப்பு வாடை வரும்.

இடியாப்பத்துக்கு வெள்ளை ஸ்டூ வைப்பதானாலும் கழுத்துதான். அயர்லாந்தின் ஸ்டூவே ஆட்டுக் கழுத்து, உருளைக்கிழங்கு, வெங்காயம் மூன்றில் பிறந்ததுதானே. நிறம் வெளுப்பாக வேண்டும் என்பதால் பற்று பிடிக்கும்வரை போகாமல் நீர் வற்றியதும் நிறுத்துங்கள். தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவைத்து, முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். கொதித்தால் திரிந்துவிடும்.

ஆட்டுக்கால் தனிக்கதை, சுருக்கமாக: நான்கு கால், ரோமம் போகத் தீயில் வாட்டி மஞ்சள் தேய்த்துச் சுரண்டியது, இரண்டு லிட்டர் தண்ணீர், முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் ஒரு மணி நேரம். அதற்குக் குறைவாக விட்டால் பாயா இல்லை, எலும்புத் தண்ணீர்.

முடிந்தால் குழம்பை முதல் நாள் இரவே வைத்துவிடுங்கள். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் குழம்பு அல்வா மாதிரி கட்டியிருக்கும். பயப்பட வேண்டாம், அது கரைந்த ஜவ்வு, சூடாக்கினால் இளகிவிடும். மேலே வெள்ளையாக உறைந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் ஏடு மாதிரி தூக்கிவிடலாம். கொழுப்பு கூடாது என்று டாக்டர் சொன்னவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆட்டுக்கொழுப்பு ஆறினால் உதட்டில் ஒட்டும், அதனால் தட்டில் போடும்போது குழம்பும் சோறும் இரண்டும் சூடாக இருக்கட்டும். தூக்கிய ஏட்டை எறிய வேண்டாம். அடுத்த நாள் கத்தரிக்காய் வதக்க ஒரு கரண்டி அது போதும்.