ரங்கூனில் மூன்று நாள்: வியாபாரமாக வருபவர்கள் கேட்டவை

உளுந்து, துவரை வாங்கவும் கன்டெய்னர் ஏற்றவும் இரண்டு மூன்று நாளுக்கு ரங்கூன் வந்துபோகும் தமிழர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ரங்கூனிலேயே இருந்து பருப்பு ஏற்றுமதி பார்க்கும் நம் உறுப்பினர்.

விருதுநகர், பருப்பு மில்: திங்கள் காலை இறங்கி புதன் இரவு கிளம்பணும். பேயின்னவுங் சந்தை, திலாவா துறைமுகம், பேங்க், நாலு ஏற்றுமதியாளர்கள். முடியுமாண்ணே?

முடியாது. விமான நிலையம் மிங்கலாடோனில், நகர மையத்துக்கு வடக்கே 15 கிலோமீட்டர். பேயின்னவுங் மொத்தச் சந்தை வடமேற்கே, ஹ்லாயிங் ஆற்றுப் பக்கம். திலாவாவோ தென்கிழக்கே, பாகோ ஆற்றைத் தாண்டி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மூன்றும் மூன்று திசை. நெரிசலில் பைக்கில் புகுந்து போகலாம் என்றால் அதுவும் கிடையாது. 2003 முதல் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. ஒரு நாளைக்கு ஊரின் ஒரு மூலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள்கிழமை சிம் கார்டு, பணம் மாற்றுவது, மாலையில் ஒரே ஒரு ஏற்றுமதியாளருடன் டீ. அவ்வளவுதான். செவ்வாய் காலையிலேயே பேயின்னவுங் போய்விடுங்கள்; பேரம் சூடாக இருப்பது மதியத்துக்கு முன்புதான். வங்கி வேலை இருந்தால் மூன்று மணிக்குள் முடிய வேண்டும். உங்கள் சரக்கு ஏறும் நாளாக இருந்தால் மட்டும் புதன்கிழமை திலாவா போங்கள். மற்ற நாளில் அங்கே இரும்புப் பெட்டிகளைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

திருச்சி: டாலர் நோட்டு மடிந்திருந்தால் வாங்க மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நடுவில் ஒரு மடிப்புக் கோடு, ஓரத்தில் பேனாக் கீறல், ஏதோ ஒரு கடையின் சின்ன ரப்பர் முத்திரை, இதில் எது இருந்தாலும் விலையைக் குறைப்பார்கள் அல்லது திருப்பித் தந்துவிடுவார்கள். பழைய வரிசை நோட்டும் அப்படித்தான். 100 டாலர் நோட்டுக்குக் கிடைக்கும் விலை 5, 10 டாலர் நோட்டுக்குக் கிடைக்காது. ஊரில் வாங்கும்போதே ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். பர்ஸில் வைக்க வேண்டாம், கெட்டி அட்டைப் புத்தகத்துக்குள் தட்டையாக வைத்துக் கொண்டுவாருங்கள். 10,000 டாலருக்கு மேல் என்றால் விமான நிலையத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

மியான்மர் மத்திய வங்கி 2022-இல் ஒரு டாலர் 2,100 கியாட் (இங்குள்ள பணம்) என்று நிர்ணயித்தது. சந்தை விலை அதைவிட எவ்வளவோ மேலே போய்விட்டது. அதனால் ஒருவர் விலை சொன்னால் எந்த விலையில் கணக்குப் போட்டார் என்று முதலில் கேளுங்கள். உரிமம் உள்ள இடத்தில் மட்டும் மாற்றுங்கள். தெருவில் மாற்றுவது சட்டப்படி குற்றம். கார்டு பெரிய ஹோட்டல்களில் மட்டும்தான், அதையும் நம்பி வராதீர்கள். இந்திய ரூபாயைக் கடைகளில் நீட்ட வேண்டாம்.

பினாங்கு: முகவரி சரியாக வைத்திருந்தும் போன தடவை அரை மணி நேரம் தெருத் தெருவாக அலைந்தேன். ஏன்?

தெரு எண் மட்டும் வைத்திருந்திருப்பீர்கள். நகர மையத்தில் எண் போட்ட தெருக்கள் ஆற்றங்கரையிலிருந்து வடக்கே நீளமாகப் போகின்றன. குறுக்கே மகாபந்துலா சாலை, அநவ்ரத்தா சாலை, போஜோ ஆங் சான் சாலை. ஒரே தெருவை இவை கீழ், நடு, மேல் என்று மூன்று துண்டாக வெட்டுகின்றன. ஆற்றுப் பக்கம் கீழ் பிளாக், மகாபந்துலாவுக்கும் அநவ்ரத்தாவுக்கும் இடையில் நடு பிளாக், அதற்கு மேலே மேல் பிளாக். எந்த பிளாக் என்று சொல்லாவிட்டால் டிரைவர் தனக்கு வசதியான முனையில் இறக்கிவிடுவார். பல தெருக்கள் ஒருவழி, அதனால் திரும்பி வரவும் முடியாது.

கட்டடத்தைக் கண்டுபிடித்த பிறகும் வேலை இருக்கிறது. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது, கீழே கதவு பூட்டியிருக்கும். ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரை தொங்கும், நுனியில் ஒரு கிளிப். எந்த மாடி என்று பார்த்து அந்தக் கயிற்றை இழுங்கள், மேலே மணி அடிக்கும். சாவியைக் கிளிப்பில் மாட்டிக் கீழே இறக்குவார்கள். பத்திரிகையும் சாப்பாட்டுப் பொட்டலமும் மேலே ஏறுவது அதே கயிற்றில்தான்.

டாக்ஸியில் ஏறும் முன் வாடகையைப் பேசிவிடுங்கள், மீட்டர் கிடையாது. கிராப் செயலியும் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: 1970-லிருந்து இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் பலவற்றில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முந்திச் செல்லும்போது எதிரே வருவது டிரைவருக்குச் சரியாகத் தெரியாது. பின் சீட்டில் வலப்பக்கம் உட்கார்ந்து வலப்பக்கமே இறங்குங்கள், அதுதான் நடைபாதைப் பக்கம்.

தூத்துக்குடி, தரகர்: வீசைக் கணக்கு குழப்புகிறது. சாம்பிள் எப்படிப் பார்ப்பது என்றும் விவரமாகச் சொல்லுங்கள்.

பர்மா வீசை 1.63 கிலோ. நம் தாத்தாக்கள் சென்னையில் பேசிய வீசை 1.4 கிலோ. பழைய நினைவில் கணக்குப் போட்டால் டன்னுக்கு 140 கிலோ பிசகும். ஒரு டன்னுக்கு 612 வீசை என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஏற்றுமதி விலையை டன்னுக்கு டாலரில் சொல்வார்கள். உள்ளூர் விலை கியாட்டில், அதுவும் ‘தெய்ன்’ கணக்கில். ஒரு தெய்ன் ஒரு லட்சம். பலகையில் எழுதுவது பர்மிய எண்களில். சுழியும் ஒன்றும் அவசரத்தில் எழுதினால் ஒரே மாதிரி இருக்கும். பத்து எண்களையும் விமானத்தில் வரும்போதே படித்துவிடலாம், அந்த ஒரு மணி நேரம் வீண் போகாது.

உளுந்தில் இரண்டு தரம்: எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்), எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்). எஸ்.க்யூ. பெரிய மணி, சுத்தம் அதிகம், விலையும் அதிகம். சாம்பிள் என்று தட்டில் கொட்டிக் காட்டுவதைப் பார்த்து விலை பேசாதீர்கள். குத்தூசியை நீங்களே வாங்கி மூட்டையின் அடியிலும் நடுவிலும் குத்தி எடுங்கள், அதுவும் அட்டியின் உள் வரிசை மூட்டையில். மணியின் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. வட்டமாக ஓட்டை இருந்தால் வண்டு வெளியே போயாகிவிட்டது. புகை மருந்து போட்டால் செத்துவிடும் என்பார்கள். பூச்சி சாகும், அது தின்ற பருப்பு திரும்பி வராது.

ஈரப்பதத்துக்குச் சின்ன மீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். பல்லில் கடித்தால் படக்கென்று உடைய வேண்டும், அமுங்கினால் ஈரம். பழைய சரக்கா என்று சந்தேகம் வந்தால் ராத்திரி ஹோட்டல் அறையில் டம்ளரில் 100 மணி எண்ணிப் போட்டு நான்கு மணி நேரம் ஊற வையுங்கள். ஊதாமல் கல்லாக நிற்பவற்றை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை மறுநாள் பேரத்தில் சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் பேசும் விதமே மாறும்.

20 அடி கன்டெய்னருக்கு 24 டன், 50 கிலோ மூட்டை என்றால் 480. ஏற்றும்போது உங்கள் ஆள் ஒருவர் நின்று மூட்டையை எண்ண வேண்டும், பத்துக்கு ஒன்றையாவது எடை போட வேண்டும்.

கோவை: எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு சரி என்கிறார்கள். ஊருக்கு வந்த பிறகு பதிலே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்வதை இங்கே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். அந்தச் சரி, ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்ற அளவில்தான். சோதித்துப் பார்க்க வழி உண்டு: எந்தக் கிடங்கு, எத்தனை மூட்டை, எந்தத் தேதி என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்து, சாம்பிள் பையை இரண்டு பேர் முன்னால் சீல் வைத்தால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம்.

அவர்கள் இழுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது நம் பக்கம். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கும் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் இறக்குமதி உச்சவரம்பு போட்டது. இங்கே விலை சரிந்து பலர் சரக்கோடு மாட்டிக்கொண்டார்கள். 2021-இல் போட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று ஐந்து ஆண்டுக்கு உறுதி வந்தது. ஆனாலும் டெல்லி அறிவிப்பைப் பார்க்காமல் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுங்கள். பெயருக்கு முன் ஆண்களுக்கு ‘ஊ’, பெண்களுக்கு ‘டோ’ சேர்க்க வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அதனால் பெயரின் கடைசிச் சொல்லை மட்டும் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

சென்னை: சித்தப்பா வீடு ரங்கூனிலேயே தாம்வே பகுதியில் இருக்கிறது. ஹோட்டல் செலவு எதற்கு, அங்கேயே தங்கலாம் இல்லையா?

பகலில் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ராத்திரி தங்க வேண்டாம். வீட்டில் இரவு தங்குபவரை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் உரிமம் உள்ள ஹோட்டல்தான். பரிசோதனை வந்தால் நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள், பதில் சொல்வது சித்தப்பா. ஹோட்டல் பிடிக்கும்போது ஜெனரேட்டர் 24 மணி நேரமும் ஓடுமா என்று கேட்டுவிடுங்கள். மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது.

மதுரை: நான் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

அநவ்ரத்தா சாலையில் ஸ்ரீ காளி கோயில் இருக்கிறது, 1871-இல் தமிழர்கள் கட்டியது. அதைச் சுற்றி நம் சாப்பாடு கிடைக்கும். தோசையைத் தெருவோரத்தில் ‘தோஷே’ என்று சுட்டு விற்பார்கள். பர்மியக் கடையில்தான் கவனம் வேண்டும்: காய்கறிப் பொரியல் என்று வருவதிலும் மீன் சாறு, உலர்ந்த இறால் தூள், ஙப்பி (புளிக்க வைத்த மீன், இறால் விழுது) ஏதாவது ஒன்று இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் போதாது, அவர்கள் கணக்கில் இறால் தூள் இறைச்சி இல்லை. ‘தெத் தத் லுத்’ என்று சொல்லுங்கள், முழுச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள்.

கோலாலம்பூர்: போன், இணையம்?

பேஸ்புக் 2021 பிப்ரவரி முதல் முடக்கம். வியாபாரிகள் பேசுவது பெரும்பாலும் வைபர் செயலியில், அதை ஊரிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். முடக்கத்தைத் தாண்டிப் போக உதவும் விபிஎன் விஷயத்தில் 2025-இல் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது, விளையாட வேண்டாம். ராணுவத்தினர், சோதனைச் சாவடி, அரசுக் கட்டடம் எதையும் படம் எடுக்காதீர்கள்.

ஈரோடு: ஒரு காலை நேரம் மிச்சம் இருந்தால் ஷ்வேடகன் பகோடா போவதா, நகரைச் சுற்றும் வட்ட ரயிலா?

ஷ்வேடகன். விடியற்காலை 4 மணிக்கே திறந்துவிடும். பத்து மணிக்கு மேல் பளிங்குத் தரை காலைச் சுடும். செருப்பும் கூடாது, காலுறையும் கூடாது. முழங்கால் மறைய வேண்டும், வேட்டி தாராளமாகக் கட்டலாம். வட்ட ரயில் 46 கிலோமீட்டர், சுற்றி வர மூன்று மணி நேரம். வேலையாக வந்தவருக்குத் தோதுப்படாது.

விருதுநகர், மறுபடியும்: எந்த மாதம் வரலாம்? வாங்கிய சாம்பிளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா?

புதுத் துவரை டிசம்பர் கடைசியிலிருந்து வரத் தொடங்கும், உளுந்து பிப்ரவரிக்கு மேல். ஆகவே பிப்ரவரி, மார்ச் நல்லது. ஏப்ரல் நடுவில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா. அதை ஒட்டி ஒரு வாரத்துக்கு மேல் வங்கியும் இல்லை, சந்தையும் இல்லை, தெருவில் நடந்தால் கோப்போடு சேர்த்து நனைப்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. ஆற்றில் கடல் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வடிய வழியின்றி நகர மையத் தெருக்கள் முழங்கால் அளவு நிற்கும்.

சாம்பிளைப் பெட்டியில் போடாதீர்கள். இந்தியாவுக்குள் விதை, தானியம் எதுவும் பயிர் நலச் சான்றிதழோடுதான் வர வேண்டும், இல்லாவிட்டால் சென்னையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். சீல் வைத்த பை ஒன்றை ஏற்றுமதியாளரிடமே விட்டுவிட்டு, இன்னொன்றைச் சான்றிதழோடு கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள்.