காவலர் தாக்கப்பட்டால் கட்சி வழக்குத் தொடுக்கலாமா?

கேள்வி: தக்கலை வட்டாரத்தில் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளராக இருக்கிறேன். அண்மையில் மாற்றுக் கட்சியினர் நடத்திய ஊர்வலத்தின்போது, எங்கள் ஊர்ச் சந்திப்பில் போக்குவரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த சிறப்பு உதவி ஆய்வாளரை மூவர் அடித்துக் கீழே தள்ளினர். எங்கள் தொண்டர் ஒருவர் அதைக் கைபேசியில் பதிவு செய்துள்ளார். ஆனால் முதல் தகவல் அறிக்கையில் ஆபாசமாகத் திட்டியது, சாதாரணக் காயம் விளைவித்தது என இரண்டு பிரிவுகள் மட்டுமே இருக்கின்றன. இங்கிலாந்தில் ஒரு கட்சி இதுபோன்ற நிகழ்வுக்காகத் தானே வழக்குத் தொடுக்க முன்வந்ததாகப் படித்தேன். எங்கள் கட்சியின் பெயரில் நாங்களும் அப்படிச் செய்ய முடியுமா?

பதில்: சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. ஆனால் கட்சியின் பெயரில், அதுவும் இப்போதே செய்தால், நீங்கள் விரும்பும் பலன் கிடைக்காது என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இங்கிலாந்துச் செய்தி. 2024 ஜூலை 23 அன்று மான்செஸ்டர் விமான நிலையத்தில் காவலர்கள் தாக்கப்பட்ட நிகழ்வில், அரசுத் தரப்பு முடிவெடுக்கத் தாமதிக்கிறது என்று குறைகூறிய ரிஃபார்ம் யுகே கட்சி, தானே வழக்குத் தொடுக்கப்போவதாக அறிவித்தது. அந்நாட்டின் 1985ஆம் ஆண்டுக் குற்ற வழக்குத் தொடுப்புச் சட்டம் தனியார் வழக்குத் தொடுக்கும் பழைய உரிமையைத் தக்கவைத்திருக்கிறது. அதே வேளையில், அத்தகைய வழக்கை எந்தக் கட்டத்திலும் அரசின் வழக்குத் தொடுப்பு இயக்குநர் தன் கைக்கு எடுத்துக்கொள்ளவும், விரும்பினால் அத்துடன் நிறுத்திவிடவும் இடமளிக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் அரசுத் தரப்பே குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. அந்த ஏற்பாட்டை அப்படியே பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாது. நம் நாட்டில் வழி வேறு.

நம் நாட்டில் குற்றவியல் சட்டத்தை இயக்கிவைக்க எவருக்கும் உரிமை உண்டு என்பது நன்கு நிலைபெற்ற கோட்பாடு. பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்று குறிப்பிட்ட சட்டமே விதித்தால் ஒழிய, புகார் கொடுப்பவரின் தகுதி கேட்கப்படுவதில்லை. இதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1984இல் தெளிவாக்கிய வழக்கே ஓர் அரசியல் வழக்குதான்: மகாராஷ்டிர முதல்வராக இருந்த அந்துலே மீது பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்த ராம்தாஸ் நாயக், காவல்துறை வழியாக அல்லாமல் நேரே நீதிமன்றத்தில் கொடுத்த தனிநபர் புகார் அது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு, 1996இல் அப்போது ஜனதா கட்சித் தலைவராக இருந்த சுப்பிரமணியன் சுவாமி ஜெயலலிதா மீது சென்னை நீதிமன்றத்தில் கொடுத்த புகார். பின்னர் அந்தச் சொத்துக் குவிப்பு வழக்கைத் தமிழ்நாட்டுக்கு வெளியே மாற்றக் கோரி உச்ச நீதிமன்றம் சென்றவர் தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன், 2003இல் வழக்கு பெங்களூருவுக்கு மாற்றப்பட்டது. எனவே எதிர்க்கட்சிக்காரர் என்பதாலேயே நீதிமன்றக் கதவு எவருக்கும் அடைக்கப்படுவதில்லை.

ஆனால் மேற்சொன்ன வழக்குகள் ஒவ்வொன்றிலும் நீதிமன்றத்தில் நின்றவர் ஒரு தனி மனிதர் என்பதைக் கவனியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் (நடைமுறைச் சன்ஹிதா) 223ஆம் பிரிவின்படி, புகார் வந்தவுடன் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) புகார்தாரரை உறுதிமொழியின்பேரில் விசாரித்து அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும். கட்சி கூண்டில் ஏறி உறுதிமொழி எடுக்காது. யாரோ ஒருவர்தான் எடுக்க வேண்டும். ஊர்வலத்தன்று நீங்கள் அந்த இடத்தில் இல்லை என்றால், உங்கள் வாக்குமூலம் கேள்விப்பட்ட செய்தியாக மட்டுமே இருக்கும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி தாக்குதலைப் பற்றியதாக இருக்காது, அடுத்த தேர்தலைப் பற்றியதாகவே இருக்கும். பழைய சட்டத்தில் இல்லாத இன்னொன்றும் இப்போது உண்டு: குற்றத்தைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளும் முன்பே, அதாவது வழக்கை ஏற்கும் முன்பே, எதிரிகளின் (குற்றம் சாட்டப்பட்டவர்களின்) தரப்பையும் நடுவர் கேட்டாக வேண்டும். அரசியல் உள்நோக்கம் என்ற வாதம் வழக்கின் வாசலிலேயே எழுந்துவிடும்.

இனி, உங்கள் கேள்வியின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் நிகழ்வில் ஏற்கெனவே முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது. காவல்துறை புலன்விசாரணை நடத்திக்கொண்டிருக்கும் அதே குற்றத்துக்குத் தனிநபர் புகாரும் வந்தால், நடுவர் புகார் வழக்கை நிறுத்திவைத்துவிட்டு, விசாரணை அதிகாரியிடம் அறிக்கை கேட்க வேண்டும் என்கிறது நடைமுறைச் சன்ஹிதாவின் 233ஆம் பிரிவு. ஆகவே நீங்கள் இன்று கொடுக்கும் புகார் வாய்தா மேல் வாய்தாவாக வழக்குக் கட்டிலேயே கிடக்கும். உங்களுடைய உண்மையான குறை வழக்கே இல்லை என்பது அல்ல, தகுந்த பிரிவுகள் இல்லை என்பது. அரசு ஊழியரின் பணியைத் தடுக்கும் நோக்கில் அவருக்குக் காயம் விளைவித்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 121(1)ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரையும், கொடுங்காயமாக இருந்தால் 121(2)இன்படி ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. தாக்க முற்பட்டாலோ வன்முறையைப் பயன்படுத்தினாலோ 132ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை தண்டனை. நீங்கள் கேட்க வேண்டியது, வழக்கின் பிரிவுகளை மாற்றிக் காவல்துறை நீதிமன்றத்துக்கு அனுப்பும் பிரிவு மாற்ற அறிக்கையைத்தான். காவல் நிலையத்துக்கு அது அன்றாட வேலை.

அதற்கு முதலில் நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, நிகழ்வை நேரில் கண்டவர் தம் பெயரில் எழுத்துமூலமாகப் பதிவுத் தபாலில் மனு அனுப்பட்டும். பயன் இல்லையென்றால், உறுதிமொழிப் பத்திரத்துடன் நடைமுறைச் சன்ஹிதாவின் 175(3)ஆம் பிரிவின்கீழ் அந்தக் காவல் நிலையத்தின் மீது அதிகாரம் கொண்ட நீதித்துறை நடுவரை அணுகலாம். முறையான புலன்விசாரணை நடக்கிறதா என்று பார்த்து உத்தரவிடும் அதிகாரம் நடுவருக்கு உண்டு என்று 2007இல் சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் மேற்கோள் காட்டலாம். உடனே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓடுவது நம் மாவட்டத்தில் ஒரு பழக்கமாகிவிட்டது; கீழேயுள்ள வழியைப் பயன்படுத்தாமல் அங்கே போனால் அதே வழிக்குத் திருப்பி அனுப்பப்படுவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

ஒரு பிரிவில் மட்டும் எச்சரிக்கை தேவை. அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு செய்தது என்ற நியாய சன்ஹிதாவின் 221ஆம் பிரிவுக் குற்றத்தை, சம்பந்தப்பட்ட ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துமூலம் புகார் செய்தால் ஒழிய எந்த நீதிமன்றமும் கவனத்தில் எடுக்க முடியாது. நடைமுறைச் சன்ஹிதாவின் 215ஆம் பிரிவு அப்படித் தடுக்கிறது. 121, 132ஆம் பிரிவுகளுக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் மனுவில் 221ஐச் சேர்த்து எழுதி, எதிர்த்தரப்புக்கு நீங்களே ஆயுதம் கொடுத்துவிடாதீர்கள்.

வழக்கைத் தாங்கி நிற்கப்போகிறவர் அடிபட்ட சிறப்பு உதவி ஆய்வாளர்தான். அவர் அப்போது பணியில் இருந்தார் என்பதைப் பந்தோபஸ்து ஆணையும் நிலையத்தின் பொது நாட்குறிப்பும் காட்ட வேண்டும்; காயத்தை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ பதிவான விபத்துப் பதிவேடும் காயச் சான்றிதழும் காட்ட வேண்டும். இவற்றில் ஒன்றுகூட உங்கள் கட்சி அலுவலகத்தில் இல்லை. விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் தகவல் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும்தான் பொருந்தும். ஊருக்குள் சமரசம் பேசி முடித்துவிட்டார்கள் என்று நீங்கள் சந்தேகித்தாலும், அந்த அதிகாரி வாய் திறக்காத வரையில் வெளியாள் ஒருவரின் புகார் வெகுதூரம் போகாது. கொடுங்காயம் என்று வந்துவிட்டால் வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குச் செல்லும். அங்கே வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர், உங்கள் வக்கீல் அவருக்குத் துணையாக மட்டுமே இருக்க முடியும்.

2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பார்த்த மாவட்டம் இது. காவலர் மீது கை வைப்பதை இங்குள்ளவர்கள் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை; உங்கள் கோபத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அடித்தவர்கள் உங்கள் கட்சிக்காரர்களாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்களா என்று நீதிமன்றத்தில் கேட்கப்படும்போது சொல்ல ஒரு பதில் வேண்டும். ஆதாரமற்ற புகார் என்று நடுவர் கருதினால் எதிரிகளுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்ல நடைமுறைச் சன்ஹிதாவின் 273ஆம் பிரிவு இடமளிக்கிறது என்பதையும், தெரிந்தே பொய்க் குற்றம் சாட்டுவது தனிக் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். சந்தேகமுள்ள நான்காவது, ஐந்தாவது பெயர்களை ஆத்திரத்தில் சேர்ப்பதுதான் பெரும்பாலும் இந்தச் சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது.

காவல்துறை நடவடிக்கையைக் கைவிட்டு அறிக்கை தாக்கல் செய்துவிட்டால் நிலைமை மாறும். அப்போது கண்ணால் பார்த்த ஒருவர், கட்சிப் பொறுப்பில் இல்லாதவர் கிடைத்தால் மிக நல்லது, தம் பெயரில் தனிநபர் புகார் கொடுக்கலாம்; வக்கீல் செலவைக் கட்சி ஏற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. 132ஆம் பிரிவுக்கு மூன்றாண்டுக் கால வரம்பு உண்டு, 121ஆம் பிரிவுக்குக் கால வரம்பு இல்லை என்பதால் பதறவும் தேவையில்லை.

பதற வேண்டியது அந்தக் கைபேசிப் பதிவைப் பற்றித்தான். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படத்தைச் சான்றாக நிரூபிப்பது கடினம். மூலப் பதிவு உள்ள கருவியும், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63(4)ஆம் பிரிவின்படி கருவியின் பொறுப்பாளரும் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட்ட இரு பகுதிச் சான்றிதழும் தேவை. படத்தை வெட்டவோ, அதில் கட்சிக்கொடியும் பாட்டும் சேர்க்கவோ கூடாது. அந்தக் கைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம் என்று உங்கள் தொண்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.