கையால் கத்தி செய்ய விரும்புகிறவர் முதலில் எதை வாங்க வேண்டும்?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். மூன்றரை அங்குல அலகுடைய, மடக்க முடியாத சிறிய கத்தி ஒன்றைப் பொழுதுபோக்காக என் கையாலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறேன். பெல்ட் கிரைண்டர் (சுழலும் உப்புத்தாள் பட்டையால் உலோகத்தைத் தேய்க்கும் இயந்திரம்) வாங்காமல் இது கைகூடாது என்கிறார் இணையவழியில் கருவிகள் விற்கும் ஒருவர். உருக்குக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, பழைய இரும்புக் கடையில் லொறி வில்லுத்தகடு கிடைக்கும் என்கிறார் என் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது? செய்து முடித்த கத்தியால் மீனும் வெட்டலாமா?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முதற்கத்திக்கு இயந்திரம் தேவையில்லை. பெயர் தெரிந்த உருக்குத்தான் தேவை. கையிலுள்ள பணத்தை முதலில் அதற்கே ஒதுக்குங்கள்.

லொறி வில்லுத்தகடு தரங்குறைந்த உருக்கு அன்று. அந்த வகை உருக்குகளில் பெரும்பாலும் நூற்றுக்கு 0.5 முதல் 0.6 வரை காபன் இருப்பதால், காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் நன்றாகவே கடினமாகும். நம் ஆச்சாரிமார் அதைத்தான் உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து மெலிதாக்கிக் கத்தியும் அரிவாளும் செய்கிறார்கள். ஆனால் உங்களிடம் உலையும் இல்லை, சம்மட்டி பிடித்துப் பழகிய கையும் இல்லை. பத்து மில்லிமீற்றர் தடிப்புள்ள, ஏற்கெனவே கடினப்படுத்தப்பட்ட ஒரு தகட்டை அரத்தால் மூன்று மில்லிமீற்றருக்குக் கொண்டுவர முயன்றால், தகடு தேய்வதற்கு முன் அரத்தின் பற்கள் தேய்ந்துவிடும். பல வருடங்களாகப் பாரம் சுமந்து வளைந்து நிமிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் இருக்கக்கூடும். அவை பல நாள் உழைப்புக்குப் பிறகு, தோய்ச்சல் கொடுக்கும் வேளையில்தான் வெளிப்படும்.

ஆகவே 3 மில்லிமீற்றர் தடிப்பும் 30 மில்லிமீற்றர் அகலமும் உள்ள, மென்பதத்தில் விற்கப்படும் பட்டை ஒன்றை, 1084 அல்லது எஸ்.கே.5 எனப் பெயர் குறிப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள். இவற்றில் காபன் நூற்றுக்கு 0.8 முதல் 0.9 வரை இருக்கும். இவற்றுக்கு வீட்டில் செய்யக்கூடிய எளிய முறையிலேயே தோய்ச்சல் கொடுக்கலாம். கருவி உருக்கு விற்பவர்களிடம் விசாரியுங்கள். ஹாட்வெயார் கடையில் வெறுமனே இரும்புப் பட்டை என்று கேட்டால் படலைக்கும் ஜன்னலுக்கும் போடும் மென்னுருக்கைத்தான் தருவார்கள். அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் அதில் கூர் நிற்காது.

அடுத்ததாக, பன்னிரண்டு அங்குலத் தட்டை அரங்கள் இரண்டு (ஒன்று கரடு, மற்றொன்று மென்மை), ஒரு வைஸ், இரும்பு அறுக்கும் வாள், 120 முதல் 600 வரையான உப்புத்தாள்கள் ஆகியவற்றை வாங்கினால் போதும். அரம் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் அந்த மெதுவே ஆரம்பநிலையாளருக்குப் பாதுகாப்பு. அலகின் இரு பக்கச் சரிவும் ஒத்துப்போகின்றனவா என்று இடையிடையே நிறுத்திப் பார்க்கலாம், கோணலாகிப் போவதற்குள் திருத்தலாம். பெல்ட் கிரைண்டரில் ஒரு கணம் கை பிசகினாலும் அலகு பள்ளமாகிவிடும். அதன் உலோகத்தூள் நுரையீரலுக்கும் கேடு. மூன்று நான்கு கத்திகள் செய்த பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால் அப்போது அந்த இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

தோய்ச்சல் கொடுப்பதற்கு முன் வெட்டுவாயை அரை மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பில் விட்டுவையுங்கள். அதைவிட மெலிந்தால் வளையும் அல்லது வெடிக்கும். சிரட்டைக்கரி நெருப்பில் அலகைச் சீராகக் காய்ச்சிக்கொண்டே காந்தத்தைத் தொட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் காந்தம் அதை இழுப்பதை நிறுத்திவிடும். அதற்கு மேல் நிறம் சற்றுப் பிரகாசமாகும் வரை காய்ச்சி, 50 பாகை அளவில் சூடாக்கி வைத்த தாவர எண்ணெய்க்குள் நுனி கீழ்நோக்க நேராக இறக்குங்கள். தண்ணீரும் வேண்டாம், நச்சுப்பொருள்கள் கலந்த பழைய எஞ்சின் ஒயிலும் வேண்டாம். எண்ணெய் தீப்பற்றக்கூடும் என்பதால் மூடியுள்ள உலோகப் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள். இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், கிடுகுக் கூரையின் கீழ் ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஆறிய அலகின் ஓரத்தில் அரத்தை இழுத்துப் பாருங்கள். அது கண்ணாடியின் மேல் போவதுபோல் பிடிப்பின்றி வழுக்கினால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது. அந்த நிலையில் கீழே விழுந்தாலே உடையும். எனவே தாமதிக்காமல் 200 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலமாக இருமுறை வெதுப்பியில் (அவனில்) வைத்து எடுக்க வேண்டும். அலகைத் துலக்கி வைத்திருந்தால் அதன் மேல் வைக்கோல் நிறம் படர்வதைக் காணலாம். வீட்டு அவனின் குமிழ் காட்டும் பாகையை நம்ப முடியாது. அவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்குவது வீண் செலவாகாது.

மீன் வெட்டும் எண்ணத்தை மட்டும் கைவிடச் சொல்வேன். காபன் உருக்கு நம்மூர் உப்புக்காற்றிலேயே துருவேறும். அதனோடு கடல்நீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். துருப்பிடிக்காத கத்தி உருக்குக்கோ 1000 பாகை அளவிலும் அதற்கு மேலும் வெப்பத்தை அளந்து கொடுக்க வேண்டும். அது கரியடுப்பில் ஆகாது. பாரையும் சூரையும் அறுக்கும் கத்தியைக் கடையில் வாங்குங்கள். நீங்கள் செய்ததைப் பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் வைத்துக்கொண்டு, பயன்படுத்தியதும் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள். தோலுறை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் கத்தியை நாட்கணக்கில் அதற்குள் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். ‘உயர் காபன் உருக்கு’ என்று இணையத்தில் விளம்பரம் செய்த ஒருவரிடம் பட்டை வாங்கினேன். தோய்த்த பிறகும் அரம் அதைக் கடிக்கிறது. பணத்தைத் திரும்பப் பெறலாமா?

பதில்: முறைப்பாடு செய்யும் முன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நெருப்பில் காயும்போது உருக்கின் மேற்பரப்பிலுள்ள காபன் எரிந்து போவதால், மேலே மெல்லிய மென்படலம் ஒன்று உண்டாகும். அரம் அதைக் கடித்தாலும் உள்ளே உருக்கு கடினமாக இருக்கலாம். இரண்டு மூன்று இழுப்பில் அந்தப் படலத்தை நீக்கிவிட்டு மீண்டும் சோதியுங்கள். அப்போதும் அரம் கடித்தால், அதே பட்டையில் ஒரு துண்டையும் நல்ல பழைய அரத்தின் துண்டொன்றையும் ஒரே நெருப்பில், ஒரே எண்ணெயில் தோய்த்துப் பாருங்கள். அரத்துண்டு மட்டும் கடினமானால் பிழை உங்கள் கையில் இல்லை, பட்டையில்தான்.

அதன்பின் விற்பனையாளருக்கு எழுத்தில் அறிவித்து, விளம்பரத்தின் படம், பணம் செலுத்திய சான்று, பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு அனுப்புங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்து மூலம் செய்யப்பட வேண்டும். விவரம் அறிய 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மிஞ்சிய பட்டையை எறிந்துவிடாதீர்கள், அதுவே உங்கள் சாட்சி.

கேள்வி: கத்திப் பிடிக்கு எந்த மரம் நல்லது? (நிலாவெளி வாசகர்)

பதில்: பாலை அல்லது முதிரை. இரண்டும் நெருக்கமான வைரமுள்ளவை. தளபாடம் செய்யும் தச்சுப் பட்டறையில் நன்றாகக் காய்ந்த வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்குங்கள்; பச்சை மரம் பின்னர் சுருங்கிப் பிடியை விலக்கிவிடும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் என்பதால், அதைத் தேய்க்கும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிந்துகொள்ளுங்கள்.